முக்கியமான ஒருவர் போனால் வேலை நிற்குமா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ராஜினாமா கடிதம் வந்த அன்றுதான் பல நிறுவனங்களில் "அடுத்து யார்?" என்ற பேச்சு ஆரம்பிக்கிறது. அதுவரை "அவர் பார்த்துக்கொள்வார்" என்றே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பல வருடங்களாக ஆட்கள் வருவதையும் போவதையும் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அடுத்தவர் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் வேலை நின்ற இடத்தை நான் பார்த்ததே இல்லை. முதல் ஆள் இருக்கும்போதே அந்த வேலையை அடுத்தவர் கையில் ஒருமுறைகூடக் கொடுத்துப் பார்க்காத இடங்களில்தான் நின்றது. கீழே சொல்லியிருக்கும் எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

இதை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் தெரியும் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். ஆனால் அதற்கு முன்னால், யார் "முக்கியமானவர்" என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பதவிப் பெயரை வைத்து இதை முடிவு செய்தால் தவறிவிடும். துறைத் தலைவர் ஒரு மாதம் இல்லாமல் போனால் சமாளிக்கிற இடத்தில், சம்பளக் கணக்கு ஓட்டுகிற ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் எல்லாருக்கும் சம்பளம் தள்ளிப்போகும். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்விகள் போதும். இவர் நாளை வராவிட்டால் எத்தனை நாளில் பாதிப்பு தெரியும்? இந்த வேலையை முழுதாகச் செய்து முடித்த இன்னொருவர் உள்ளே இருக்கிறாரா? வெளியிலிருந்து ஆள் எடுத்தால் அவர் வேலை பழக எத்தனை மாதம் ஆகும்? முதல் பதில் சில நாட்கள், இரண்டாவது "இல்லை", மூன்றாவது பல மாதங்கள் என்று வந்தால், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும் முக்கியமானவர்தான்.

அறிகுறி 1: அவர் லீவு போட்டால் வேலை நிற்கிறது

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய் அறிகுறி. லீவில் போனவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு போன் போகும். "இந்த ஃபைல் எங்கே?", "இதுக்கு ஓகே சொல்லலாமா?", "அந்த கிளையண்ட் உங்களைத்தான் கேட்கிறார்." அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லிவிடுவார். அதனாலேயே பிரச்சினை வெளியில் தெரிவதில்லை.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது. அடுத்த முறை அவர் லீவு போடும்போது, யார் கூப்பிட்டாலும் ஒரு வரி குறித்து வைக்கச் சொல்லுங்கள்: யார், என்ன கேட்டார். லீவு முடிந்ததும் அந்த வரிகளை எடுத்துப் பார்த்தால் அவை நான்கு வகைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

திறவுகோல் வகை. பாஸ்வேர்ட், கையெழுத்து அதிகாரம், அட்மின் கணக்கு, ஓடிபி வருகிற போன் எண். இதை இன்றைக்கே சரிசெய்யலாம், பயிற்சி எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் இணையதளப் பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, மென்பொருள் உரிமம் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் யாருக்கு வருகிறது, வங்கிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று ஒரு பட்டியல் போடுங்கள். தனி மனிதரின் சொந்த எண்ணோ சொந்த மின்னஞ்சலோ இருக்கும் இடத்தையெல்லாம் பொது எண், பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டுகளை எக்செல் ஃபைலில் போட்டு எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டாம். அதற்கென்றே இருக்கும் பாஸ்வேர்ட் மேலாண்மை மென்பொருளில் வைத்து, இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

தகவல் வகை. எது எங்கே இருக்கிறது, போன தடவை என்ன செய்தோம் என்பது. இதை எழுதி வைத்தால் பாதி தீரும். மீதிப் பாதி ஏன் தீராது என்பதை அறிகுறி 4-இல் பார்க்கலாம்.

முடிவு வகை. "இதுக்கு ஓகே சொல்லலாமா?" என்ற கேள்வி இது. இங்கே கீழே இருப்பவருக்கு அறிவு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவருக்குப் பதில் தெரியும், சொல்ல அதிகாரம்தான் இருக்காது. எந்தத் தொகை வரை, எந்த மாதிரி விஷயத்தில், யார் தானாக முடிவெடுக்கலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அப்படி எடுத்த முடிவு தவறாகப் போனால் எல்லார் முன்னாலும் கண்டிக்காதீர்கள். ஒரு தடவை கண்டித்தால் போதும், அப்புறம் ஒரு வருடத்துக்கு எல்லாரும் உங்களையே கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

உறவு வகை. "அவர்கிட்டதான் பேசுவேன்" என்கிற வாடிக்கையாளர், வெண்டர், அரசு அலுவலர். நான்கில் இதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். திடீரென்று புது ஆளை அறிமுகப்படுத்தினால் எதிர்தரப்பு பயந்துவிடும், "அவர் வேலையை விடுறாரா?" என்று கேட்கும். ஆகவே படிப்படியாக: முதல் சில சந்திப்புகளில் இரண்டாமவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார், பிறகு பேசியதைத் தொகுத்து அவர் பெயரில் மின்னஞ்சல் போகும், பிறகு ஒரு பகுதியை அவரே நடத்துவார், கடைசியில் மூத்தவர் வராத ஒரு சந்திப்பு. மூன்று நான்கு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் ஓரளவு சரிசெய்த பிறகு ஒரு சோதனை. வங்கித் துறையில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு வாரம் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்ற நடைமுறை பல நாடுகளில் இருக்கிறது. அதன் முதல் நோக்கம் மோசடியைக் கண்டுபிடிப்பது. ஒருவரே தொடர்ந்து உட்கார்ந்து மறைத்து வைத்திருப்பது, வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். மோசடி என்ற பேச்சே இல்லாத இடத்திலும் இதே சோதனை அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் தெரியாமல் மறைந்திருப்பதும் வெளியே வரும். ஒரு வாரம் என்றால் "அவர் வரட்டும்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிடுவார்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட முடியாது. அந்த நாட்களில் அவரை யாரும் நேரடியாகக் கூப்பிடக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் மேலாளர் ஒருவர் மூலமாக மட்டும். அவருக்கும் நிம்மதியான லீவு கிடைக்கும் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வருடக்கணக்கில் போனை அணைக்காமல் லீவு எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி 2: பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் தயாராக இல்லை

எச்ஆர் ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு பதவிக்கும் நேராக இரண்டு பெயர் இருக்கும். பக்கத்தில் "ஒன்றிரண்டு வருடத்தில் தயார்" என்று எழுதியிருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஃபைலையும் எடுத்துப் பாருங்கள். அதே பெயர், அதே வாசகம் இருந்தால் இந்த அறிகுறி உங்களுக்கு இருக்கிறது.

காரணம் எளிது. அந்த இரண்டு வருடத்தில் அவர் என்ன செய்தால் தயார் ஆவார் என்று யாரும் எழுதவில்லை. காலம் தானாக யாரையும் தயார் செய்யாது.

இப்படிச் சரிசெய்யுங்கள். அந்தப் பதவியில் இருப்பவர் உண்மையில் செய்யும் வேலைகளை, பத்துப் பன்னிரண்டு வரியில், வினைச்சொல்லாக எழுதுங்கள். "தலைமைப் பண்பு" என்றெல்லாம் எழுத வேண்டாம். "வருடாந்திர பட்ஜெட் போட்டு மேலிடத்தில் வாதாடுவது", "சரியாக வேலை செய்யாத ஒருவரிடம் அதை நேராகச் சொல்வது", "பெரிய வெண்டரிடம் விலை பேசுவது" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராக, அடுத்தவர் இதைப் பார்த்திருக்கிறாரா, கூட இருந்து செய்திருக்கிறாரா, தனியாகச் செய்திருக்கிறாரா என்று குறியுங்கள். "பார்த்ததே இல்லை" என்று வரும் வரிகளிலிருந்து இந்தக் காலாண்டுக்கு இரண்டை எடுத்து, தேதி போட்டு அவர் கையில் கொடுங்கள். அடுத்த காலாண்டில் இன்னும் இரண்டு. பன்னிரண்டு வரிக்கு ஒன்றரை வருடம் ஆகும். அப்போது "தயார்" என்பதற்கு ஒரு பொருள் இருக்கும்.

ஆப்பிள் நிறுவனத்தில் டிம் குக் 2011 ஆகஸ்ட்டில் தலைமைச் செயல் அதிகாரியானார். அதற்கு முன்பே ஸ்டீவ் ஜாப்ஸ் மருத்துவ விடுப்பில் போன 2004, 2009, 2011 ஆகிய மூன்று தடவையும் அன்றாட நிர்வாகத்தை அவர்தான் பார்த்தார். நோய் கொடுத்த வாய்ப்பு அது, யாரும் விரும்பி ஏற்படுத்தியதல்ல. ஆனாலும் நாற்காலி முழுதாக அவர் பெயருக்கு வந்த நாளில் அது அவருக்குப் புது நாற்காலியாக இருக்கவில்லை. உங்கள் ஆளுக்கு அந்த மூன்று தடவையை நீங்கள் திட்டமிட்டே கொடுக்கலாம்.

இங்கே, ஆட்களை மதிப்பிட எச்ஆர் பயன்படுத்தும் ஒன்பது கட்ட அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் இப்போதைய செயல்திறன், இன்னொரு பக்கம் எதிர்காலத் திறன், நடுவில் ஒன்பது பெட்டி. 1970-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் உருவாக்கிய அட்டவணையிலிருந்து வந்தது. அங்கே அது எந்தத் தொழிலில் பணம் போடலாம் என்று முடிவு செய்யப் பயன்பட்டது, மனிதர்களை அளக்க அல்ல. பேச்சைத் தொடங்க அது நல்ல கருவி. ஆனால் "எதிர்காலத் திறன்" என்ற பக்கத்தில் மேலாளர்கள் தங்களைப் போலவே பேசுகிறவர்களை, கூட்டங்களில் சத்தமாகப் பேசுகிறவர்களை மேலே வைத்துவிடுகிறார்கள். அமைதியாக வேலை செய்கிறவர் நடுப்பெட்டியிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடுவார். ஒருவரை மேல் பெட்டியில் வைத்தால், "எந்தப் புது வேலையைக் கொடுத்தபோது எவ்வளவு சீக்கிரம் பழகினார்?" என்று ஓர் எடுத்துக்காட்டாவது கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல எழுதி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அறிகுறி 3: மூத்தவர் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்

நேராக "மாட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை. "இந்த வாரம் பிஸி", "அதெல்லாம் சொல்லிப் புரியாது", "நானே முடிச்சிடறேன், அதுதான் சீக்கிரம்" என்றுதான் வரும். உடனே "பிடிவாதக்காரர்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். இது நியாயமில்லை. என் அனுபவத்தில் இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். எது என்று தெரியாமல் அழுத்தினால் இன்னும் இறுகிவிடும்.

பயம். "சொல்லிக்கொடுத்த மறுமாதம் என்னை அனுப்பிடுவாங்க." உங்கள் நிறுவனத்தில் முன்பு அப்படி நடந்திருந்தால் இந்தப் பயம் முழுக்க நியாயமானது. வாய்வார்த்தை போதாது. அவருடைய அடுத்த பொறுப்பு என்ன, எப்போதிலிருந்து என்பதை எழுத்தில் கொடுத்த பிறகே கைமாற்றும் பேச்சை எடுங்கள். கொடுக்க அடுத்த பொறுப்பே இல்லை என்றால், உண்மையைச் சொல்லி, ஒப்படைப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஏற்பாட்டுக்கும் நேர்மையான ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். ஏமாற்றிக் கறந்த அறிவு பாதி அறிவாகத்தான் வரும்.

நேரமின்மை. அவர் தட்டில் நூறு சதவீத வேலையை வைத்துவிட்டு, அதன்மேல் "இவனுக்கும் சொல்லிக்கொடுங்க" என்றால் நடக்காது. வாரத்தில் நான்கு மணி நேரமாவது அவரிடமிருந்து வேறு வேலையை எடுத்துவிடுங்கள். எதை எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மதிப்பின்மை. இத்தனை வருட அப்ரைசலில் சொல்லித்தந்ததற்காக ஒரு மதிப்பெண் அவருக்குக் கிடைத்திருக்கிறதா? சிக்கலைத் தான் ஒருவராகத் தீர்த்ததற்குத்தான் பாராட்டு கிடைத்திருக்கும். ஆளை உருவாக்கியதற்கும் இன்கிரிமென்ட் உண்டு என்று ஒரு வருடம் செய்து காட்டினாலே பலர் மாறிவிடுவார்கள்.

நான்காவது, தனக்கு என்ன தெரியும் என்பது அவருக்கே தெரியாதது. இருபது வருடமாகச் செய்கிற வேலை கைப்பழக்கமாகிவிட்டது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்பார். பொய்யல்ல, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான். இவரிடம் "எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். நடந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"சார், போன மாசம் அந்த ஆர்டரை நீங்க நிறுத்தி வைக்கச் சொன்னீங்களே, முதல்ல எதைப் பார்த்தீங்க?"

"ஒண்ணுமில்லைப்பா, அளவு கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்தது."

"எவ்வளவு இருந்திருந்தா சரின்னு விட்டிருப்பீங்க?"

"அவங்க எப்பவும் கேட்கறதுல இருந்து ஒண்ணரை மடங்குக்கு மேல போனா நான் ஒரு போன் போட்டுடுவேன்."

"ஒண்ணரை மடங்கு" என்பது இதுவரை எந்த வழிமுறைக் கையேட்டிலும் இல்லை. அவரும் அதை ஒரு விதியாக நினைத்ததில்லை. இதுபோன்ற பத்து உரையாடல்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், ஐம்பது பக்க ஆவணத்தைவிட அதிகம் தரும். பேசும்போது அடுத்த பொறுப்பாளரே கேள்வி கேட்கட்டும், எச்ஆர் வேண்டாம்.

அறிகுறி 4: எல்லாம் எழுதி வைத்தோம், ஆனாலும் வேலை வரவில்லை

ஆவணம் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, வீடியோகூட இருக்கிறது. புது ஆள் அப்படியே செய்கிறார். விளைவு வரவில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் நகரில் உள்ள ஒய்-12 ஆலையில் நடந்தது. ஃபாக்பேங்க் என்ற ரகசியப் பொருளை அணு ஆயுதங்களுக்காக அங்கே 1980-கள் வரை தயாரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். 2000-க்குப் பிறகு பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டது. அதற்குள் ஆலை கலைக்கப்பட்டிருந்தது, குறிப்புகள் குறைவாக இருந்தன, செய்யத் தெரிந்தவர்களில் அநேகமாக எல்லாரும் ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போயிருந்தார்கள். அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே 2009-இல் இதை அறிக்கையாக எழுதியது. பல வருட உழைப்புக்கும் பெரும் செலவுக்கும் பிறகு செய்து பார்த்தபோது பொருள் சரியாக வரவில்லை. கடைசியில்தான் தெரிந்தது: பழைய முறையில் மூலப்பொருளோடு ஓர் அசுத்தம் கலந்து வந்திருக்கிறது. புதிய, சுத்தமான முறையில் அது நீங்கிவிட்டது. அந்த அசுத்தம்தான் பொருளுக்கு அவசியமாக இருந்திருக்கிறது. அப்போது செய்தவர்களுக்கே அது தெரியாது. தெரியாததை எப்படி எழுதி வைத்திருக்க முடியும்?

உங்கள் அலுவலகத்திலும் இது சிறிய அளவில் நடக்கிறது. மாதக் கடைசி அறிக்கை ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்தால்தான் சரியாக வருகிறது, ஏனென்றால் இன்னொரு துறை முந்தைய நாள் எதையோ திருத்துகிறது. எழுதியவருக்கு அது பழக்கம், காரணம் தெரியாது.

ஆகவே ஆவணத்தை நம்புவதற்கு முன் தலைகீழ் ஒத்திகை ஒன்று செய்யுங்கள். புது ஆள் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையான வேலையைச் செய்ய வேண்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், பேசக் கூடாது. புது ஆள் தடுமாறும் ஒவ்வொரு இடத்தையும், மூத்தவர் வாயைத் திறக்கத் துடிக்கும் ஒவ்வொரு இடத்தையும் மூன்றாவது ஆள் ஒருவர் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகள்தான் ஆவணத்தில் விடுபட்டவை. அவற்றைச் சேர்த்துவிட்டு, வேறொருவரை வைத்து இரண்டாவது தடவை செய்யுங்கள்.

ஆவணத்தில் இன்னும் இரண்டு சேருங்கள். ஒன்று, ஒவ்வொரு படிக்கும் "ஏன்" என்ற ஒரு வரி. காரணம் தெரியாவிட்டால் "காரணம் தெரியவில்லை, மாற்ற வேண்டாம்" என்றே எழுதுங்கள். இரண்டு, கடைசியாக நடந்த பத்து கோளாறுகளும் அவற்றைத் தீர்த்த விதமும். ஒழுங்காக நடக்கும் நாளுக்கு யாருக்கும் ஆவணம் தேவைப்படாது.

அறிகுறி 5: ஒரே பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது

திறமையான ஒருவர் இருந்தால் எல்லாத் துறைத் தலைவர்களும் தங்கள் "அடுத்தவர்" பட்டியலில் அவர் பெயரையே எழுதிவிடுவார்கள். தனித்தனி ஃபைலில் பார்க்கும்போது தெரியாது. எல்லாப் பட்டியலையும் ஒரே தாளில் கொண்டுவந்து, பெயர் வாரியாக வரிசைப்படுத்துங்கள். இரண்டு இடத்துக்கு மேல் வரும் பெயரை ஓர் இடத்தில் மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றைக் காலி என்று குறியுங்கள். அரை மணி நேர வேலை.

அறிகுறி 6: அடுத்தவர் என்று நினைத்தவரே போய்விட்டார், அல்லது மற்றவர்கள் சோர்ந்துவிட்டார்கள்

இது இரண்டு விதமாக வரும். ஒன்று, அவர்தான் அடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் வெளியே வாய்ப்பு தேடிப் போய்விடுகிறார். இன்னொன்று, சொல்லிவிட்டோம், அது பரவி, பட்டியலில் இல்லாதவர்கள் மனம் விட்டுப்போய்விட்டது.

சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், சம்பந்தப்பட்டவரிடம் சொல்லத்தான் வேண்டும். எந்தச் சொல்லில் சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். "அடுத்த மேனேஜர் நீங்கதான்" என்பது வாக்குறுதி. நிலைமை மாறினால் அது பொய்யாகிவிடும். "இந்தப் பொறுப்புக்கு வரக்கூடியவர்களில் ஒருவராக உங்களைப் பார்க்கிறோம். அதற்காக இந்த வருடம் இந்த இரண்டு வேலையை உங்களுக்குக் கொடுக்கிறோம். இது உறுதிமொழி இல்லை" என்பது உண்மை. கேட்பவருக்கு எது கையில் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பது தெளிவாக இருக்கும்.

தேர்வாகாதவர்களை மறந்துவிடுவதுதான் பெரிய தவறு. ஜெனரல் எலக்ட்ரிக்கில் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் வெல்ச்சுக்கு அடுத்து யார் என்ற போட்டியில் மூன்று பேர் கடைசிவரை இருந்தார்கள். 2000 நவம்பரில் ஜெஃப் இம்மெல்ட் பெயர் அறிவிக்கப்பட்டது. ஒரு சில வாரங்களுக்குள் மற்ற இருவரும் வெளியேறிவிட்டார்கள்: ராபர்ட் நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும், ஜேம்ஸ் மெக்னெர்னி 3எம் நிறுவனத்துக்கும் தலைவர்களாகப் போனார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பிரிவுகளுக்கும் அப்போது அடுத்த ஆள் தேவைப்பட்டது. ஆகவே போட்டி என்று ஒன்று வைத்தால், தோற்பவர்கள் போவார்கள் என்றே வைத்துக்கொண்டு அவர்கள் இடத்துக்கும் முன்கூட்டியே ஆள் பார்த்துவையுங்கள். அறிவிப்புக்கு முந்தைய நாளே அவர்களிடம் நேரில் பேசுங்கள். பொது மின்னஞ்சலில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் நிலைமையை யாருக்கும் ஏற்படுத்தாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பன்னிரண்டு வருடம் உழைத்த ஒருவருக்கு அப்படித்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவர் சரியாக ஐந்து மணிக்குக் கிளம்ப ஆரம்பித்தார், நான்கு மாதத்தில் போயேவிட்டார். அவரை இழக்க வேண்டிய அவசியமே இல்லை.

அறிகுறி 7: புதியவர் பொறுப்புக்கு வந்துவிட்டார், ஆனால் திணறுகிறார்

முதலில், பழையவர் உண்மையில் போய்விட்டாரா என்று பாருங்கள். ஆலோசகர், வழிகாட்டி என்ற பெயரில் பக்கத்து அறையிலேயே இருந்தால் ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். டிஸ்னியில் 2020 பிப்ரவரியில் பாப் சாபெக் தலைமைச் செயல் அதிகாரியானார். முந்தையவரான பாப் ஐகர் 2021 கடைசி வரை நிர்வாகத் தலைவராக, படைப்பு வேலைகளைக் கவனித்தபடி அங்கேயே இருந்தார். 2022 நவம்பரில் சாபெக் நீக்கப்பட்டு ஐகரே திரும்பி வந்தார். அதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் இந்த ஒன்றின்மேல் சுமத்த முடியாது. ஆனாலும் ஒரே வேலைக்கு இரண்டு தலை இருந்த காலம் நீளமானது.

உங்கள் இடத்தில், பழையவர் எந்தத் தேதியோடு முடிவெடுப்பதை நிறுத்துகிறார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு யாராவது அவரிடம் கேட்டால், "அவரைக் கேளுங்க" என்று அவரே திருப்பி அனுப்ப வேண்டும். மின்னஞ்சல்களில் அவர் பெயர் இருக்கக் கூடாது. புதியவருக்குச் சந்தேகம் வந்தால் அவர் போய்க் கேட்கலாம். எதிர்த்திசையில் ஆலோசனை வரக் கூடாது.

பழையவர் இல்லாமலேயே திணறுகிறார் என்றால், தேர்வை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நன்றாக வேலை செய்தவரை, வேலை வாங்க வேண்டிய இடத்தில் உட்கார வைத்திருக்கலாம். இரண்டும் வெவ்வேறு வேலை. மூன்று மாதம் தெளிவான உதவி கொடுத்தும் வராவிட்டால், மரியாதை குறையாமல் அவர் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும்: அதே சம்பளத்தில், நிபுணர் பாதையில் ஒரு பதவி. அப்படி ஒரு வழி இல்லாத நிறுவனத்தில் நல்ல ஆளையும் இழந்து, பதவியையும் காலியாக்கிக்கொள்வீர்கள்.

அறிகுறி 8: எந்த ஏற்பாடும் இல்லை, அவர் இன்று ராஜினாமா கொடுத்துவிட்டார்

மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஜிம் கேண்டலூப்போ 2004 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பால் திடீரென்று இறந்தார். சில மணி நேரத்துக்குள் இயக்குநர் குழு சார்லி பெல்லை அந்த இடத்துக்கு அறிவித்தது. அடுத்த மாதமே பெல்லுக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நவம்பரில் அவர் விலக, ஜிம் ஸ்கின்னர் பொறுப்பேற்றார். ஒரே வருடத்தில் இரண்டு தடவை தலைமை மாறியும் ஒவ்வொரு முறையும் உள்ளேயே ஆள் இருந்தார். உங்களுக்கு அந்த வசதி இன்று இல்லை, ஆனால் நோட்டீஸ் பீரியட் இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள்.

முதல் நாள்: கோபப்படாதீர்கள், அவரை ஒதுக்காதீர்கள். போகிறவர் மனம் வைத்தால்தான் ஒப்படைப்பு நடக்கும். புது வேலை எதையும் அவருக்குக் கொடுப்பதை அன்றே நிறுத்துங்கள்.

முதல் வாரம்: அறிகுறி 1-இல் சொன்ன திறவுகோல் வகையை (பாஸ்வேர்ட், கையெழுத்து அதிகாரம் போன்றவை) முழுதாக முடியுங்கள். கூடவே தற்காலிகப் பொறுப்பாளர் ஒருவரை அறிவியுங்கள். நிரந்தர ஆள் கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒப்படைக்க ஆளே இருக்காது. ஒருவர் கிடைக்காவிட்டால் வேலையை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். தற்காலிகப் பொறுப்புக்குத் தனிப் படி கொடுங்கள், சும்மா சுமத்தாதீர்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து: தற்காலிகப் பொறுப்பாளர் வேலையைச் செய்வார், போகிறவர் பக்கத்தில் இருப்பார். பலர் இதைக் கடைசி வாரத்துக்கு வைக்கிறார்கள், அப்போது பிரிவு உபசாரத்துக்கும் கணக்கு முடிப்பதற்குமே நேரம் போய்விடும். அவரிடம்தான் பேசுவேன் என்கிற வாடிக்கையாளர், வெண்டர் போன்றவர்களுக்கு, போகிறவரே போன் போட்டு, "இனி இவர்தான், நான் நம்புகிற ஆள்" என்று சொல்லட்டும்.

கடைசி வாரம்: அவரை மூன்று நாள் வேறு அறையில் உட்கார வையுங்கள். யாரும் போகக் கூடாது. எங்கே தடுக்கிறது என்று பார்த்து, மீதி இரண்டு நாளில் அதை மட்டும் கேளுங்கள்.

அவர் போன பிறகு ஒரு மாதத்துக்கு, "இது யாருக்குத் தெரியும்?" என்று அலுவலகத்தில் எழும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, இப்போது அலுவலகத்தில் அடுத்து முக்கியமானவராக இருப்பவரிடம் போய் உட்காருங்கள். அதே கேள்விகளை அவர் வேலைக்குப் பொருத்திக் கேளுங்கள். பிறகு அவருக்கு இரண்டு வாரம் லீவு கொடுங்கள்.